பிள்ளை மடுவத்திலிருந்து விதுஷாவைத் தூக்கிச் சென்றது தொடர்பாக

திகதி: 2026 பெப்ரவரி 12, வியாழக்கிழமை.
இடம்: பொலிஸ் நிலையம், சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு.
பெயர்: அழகையா சுபாஜினி.
வயது: 17.
முகவரி: ஸ்பிரிங்வெளி, பதுளை.
தொழில்: இரத்தப் பரிசோதனை நிலைய உதவியாளர்.
படிப்பு: தரம் 9 வரை.

சொல்பவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்பதால் அவருடைய தாயின் முன்னிலையில், அவர் பேசும் தமிழ் மொழியிலேயே கேட்டு எழுதப்படுகிறது. மிகச் சன்னமான குரலில் பேசுவதால் சில இடங்களில் திரும்பக் கேட்டு எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் அம்மாவுடனும் தம்பியுடனும் வசிக்கிறேன். அப்பா இறந்துவிட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்ததாலும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாலும் தரம் ஒன்பதோடு பாடசாலையை விட்டுவிட்டேன். கடந்த வருடம் முதல் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். அதன் உரிமையாளர் நளீரா மிஸ். இரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் ரமேஸ் அண்ணா. இடத்தைக் கூட்டித் துடைப்பது, வருபவர்களின் பெயரை எழுதிக் குழாயில் ஒட்டுவது, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துப் பிடிப்பது, முடிவுகளை உறையில் போட்டுக் கொடுப்பது ஆகியவை என் வேலைகள்.

உத்தியோகத்தர் கேட்டதால் எங்கள் இடத்தில் உள்ள முறையைச் சொல்கிறேன். சாதாரண முடிவுகளை உறையில் போட்டு வைப்போம், அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு டொக்டரிடம் காட்டுவார்கள். இரத்தத்தில் சீனி மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ வந்தால் அப்படி உறையில் போட்டு வைக்கக்கூடாது. ரமேஸ் அண்ணா அதே இரத்தத்தை இன்னொரு முறை பார்ப்பார். திரும்பவும் அப்படியே வந்தால், சீட்டு எழுதிய டொக்டருக்கு உடனே போன் எடுத்து, நோயாளியின் பெயரையும் வந்த அளவையும் சொல்லி, டொக்டர் தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லும் வரை போனை வைக்கமாட்டார். நோயாளிக்கு நாங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது. டொக்டரின் கிளினிக்கில் இருக்கும் வேறு யாரிடமாவது சொல்லிவிட்டு வைத்தால் அது சொன்ன கணக்கில் வராது என்றும், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் நளீரா மிஸ் நான் வேலைக்கு வந்த அன்றே சொன்னார்.

நேற்றுப் புதன்கிழமை காலையில் நிலையத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் லீலாதேவி என்பவர் தன் மகள் விதுஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். விதுஷாவுக்கு ஒன்பது வயது. அவர்கள் ஹோப்வுட் தோட்டத்தின் மேல் பிரிவைச் சேர்ந்தவர்கள். விதுஷாவின் அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவர்கள் கொண்டுவந்த சீட்டை எழுதியவர் டொக்டர் கஜேந்திரன். அவர் காலையில் அரசாங்க வைத்தியசாலையிலும் பின்னேரத்தில் தன் சொந்தக் கிளினிக்கிலும் நோயாளிகளைப் பார்ப்பவர். சாப்பிடாமல் வந்து சீனி பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

சாப்பிட்டீர்களா என்று எல்லோரிடமும் நான்தான் கேட்பேன். தோட்டத்து ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். தேத்தண்ணியை நாங்கள் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அதனால் நான் தேத்தண்ணியைத் தனியாகக் கேட்பது வழக்கம்.

"தேத்தண்ணி குடிச்சாளாங்க?" என்று கேட்டேன்.

"அது குடிச்சா. தேத்தண்ணி குடிக்காம எப்படிங்க மிஸ் பஸ் ஏறுறது?" என்று லீலாதேவி சொன்னார். வரிசைக்குக் காத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சீனி போட்டதா என்று கேட்டதற்கு இரண்டு கரண்டி என்றார். ரமேஸ் அண்ணாவிடம் சொன்னேன். நாளைக்கு வரச் சொன்னால் இன்னொரு நாள் வேலை போய்விடும், வந்ததற்கு எடுத்துவிடுவோம் என்று சொல்லி, தேநீர் குடித்தது என்று குறித்துக்கொண்டு இரத்தம் எடுத்தார்.

விதுஷா பாடசாலைச் சட்டை போட்டிருந்தாள். சட்டை இடுப்பில் பெரிதாக இருந்ததால் பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கியிருந்தார்கள். இரத்தம் எடுக்கும் ஊசிக்கு அவள் அழவில்லை. நான் பஞ்சு வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். திரும்பவும் கேட்டாள். அதன் பின்னர் தானே எழுந்து போய் மூலையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலின் குழாயைத் திறந்து குடித்துக்கொண்டே இருந்தாள். லீலாதேவி என் பக்கத்தில் வந்து, "மறுபடியும் படுக்கைய நனைக்கிறா மிஸ், மாசமாச்சு. வெளியில சொல்லிறாதீங்க, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க," என்று காதோடு சொன்னார். முடிவைச் சனிக்கிழமை வந்து எடுப்பதாகவும், மத்தியானத்துக்கு முன் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேராவது போடுவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவசரமாகப் போனார்.

அதன் பின்னர் ரமேஸ் அண்ணா காலையில் எடுத்த இரத்தங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தபோது விதுஷாவின் சீனி நானூற்று எண்பத்தாறு என்று வந்தது. அவர் அதே இரத்தத்தை இன்னொரு முறை போட்டார். அதுவும் ஏறக்குறைய அப்படியே வந்தது. டொக்டர் கஜேந்திரனின் கைபேசிக்கு எடுத்தார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிளினிக்குக்கு எடுத்தார். அங்கே வேலை செய்யும் சிவரூபி அக்கா பேசினார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அவங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருப்பாங்க ரமேஸ். போன கிழமையும் இப்படித்தானே, டொக்டர் ஏசினாரு. நாளைக்கு வெறும் வயித்தில திரும்ப எடுங்களேன்."

"தேத்தண்ணி குடிச்சதுதான். ஆனா ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு இவ்வளவு ஏறாது அக்கா. நான் ரெண்டு கோப்பை குடிச்சிட்டு என் ரத்தத்தையே பாத்திருக்கேன்."

"சரி, டொக்டர் பின்னேரம் வந்ததும் சொல்றேன்."

சிவரூபி அக்கா மேல் நான் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சீனி ஏறியதாகக் காட்டிய பேர் நிறைய இருக்கிறார்கள்.

ரமேஸ் அண்ணா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் வாங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நளீரா மிஸ் பண்டாரவளைக்குப் போயிருந்தார். "தங்கச்சி, டொக்டர் இந்நேரம் வார்டுலதான் இருப்பாரு. நீ போய் அவரு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வா. அவரு திருப்பிச் சொல்றத கேட்டுட்டு வா. வாயத் தொறந்து சொல்லணும், உன் சத்தம் கேக்க நான் அங்க ஸ்பீக்கர் கட்ட ஏலாது," என்றார். நான் பெயரையும் அளவையும் கையில் பேனையால் எழுதிக்கொண்டு போனேன்.

வைத்தியசாலையில் டொக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரைச் சுற்றித் தாதிமாரும் வேறு டொக்டர்மாரும் இருந்தார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைக் கடந்து அடுத்த கட்டிலுக்குப் போனார், அதற்கும் அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வாய் திறக்க வரவில்லை. வேலையாள் ஒருவர் பார்வையாளர் நேரம் இல்லை என்று சிங்களத்தில் சொல்லி என்னை வெளியே போகச் சொன்னார். அப்போது நான், "நானூற்று எண்பத்தாறு," என்று சொன்னேன். அது எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

கட்டிலில் படுத்திருந்த ஒரு முதியவர், "என்னா புள்ள, லொத்தர் நம்பரா?" என்றார். தாதிமார் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "ஆற்றை சீனி?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்து ஆள், யாருடைய சீனி என்பதை அப்படித்தான் கேட்பார்.

நான் பிள்ளையின் பெயரையும் வயதையும் தோட்டத்தையும் சொன்னேன். தேத்தண்ணி குடித்ததையும் சொன்னேன்.

"விதுஷா, ஒன்பது வயது, நானூற்று எண்பத்தாறு," என்று அவர் திருப்பிச் சொன்னார். "தேத்தண்ணியை விடும். பிள்ளை பாக்க எப்பிடி இருந்தது?"

"தண்ணி குடிச்சிக்கிட்டே இருந்தா சார். சட்டைய ஊசி குத்தி இறுக்கியிருந்தாங்க," என்றேன்.

அவர் தன் கையில் இருந்த தாள்களைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "உடன இஞ்ச வர வேணும். இண்டைக்கே, இப்பவே. தாயோட சேத்துக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும். தாய் கட்டாயம் வேணும்," என்றார்.

டொக்டர் சொன்னது இவ்வளவுதான். உத்தியோகத்தர் இதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பின்னர் நான் வாசலுக்கு வந்து ரமேஸ் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஏற்கெனவே லீலாதேவி கொடுத்த இலக்கத்துக்குப் பல முறை எடுத்திருந்தார். போன் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை, தோட்டத்து லயத்தில் தங்கள் வீடான காம்பராவில் வைத்துப் பூட்டிவிட்டு மலைக்குப் போயிருப்பார் என்று சொன்னார். என் பெரியம்மா முன்பு அந்த மேல் பிரிவில் இருந்ததால் எனக்குப் பாதை தெரியும். அதனால் நானே போகிறேன் என்று சொன்னேன். மழைக்கு மண் சரிந்த இடம் இன்னும் சரியாக்கப்படாததால் மேல் பிரிவுக்கு வாகனம் ஏறாது. தான் ஆம்புலன்ஸுக்குச் சொல்வதாகவும், அது கீழே பஸ் நிற்கும் சந்திக்கு வரும் என்றும், அம்மாவையும் மகளையும் அங்கே கூட்டிக்கொண்டு வரும்படியும் ரமேஸ் அண்ணா சொன்னார். நான் பஸ்ஸில் போனேன்.

சந்தியில் இறங்கிக் குறுக்குப் பாதையால் ஏறி லயத்துக்குப் போனேன். காம்பரா பூட்டியிருந்தது. உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னர், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ரெங்கம்மா. பெரியம்மாவின் பக்கத்து லயத்தில் இருந்தவர் என்பதால் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். சிறு பிள்ளைகள் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு விதுஷாவும் கால்கள் பாய்க்கு வெளியே நீட்டியபடி படுத்திருந்தாள். பெரிய பிள்ளையை அங்கே வைப்பதில்லை என்றாலும், அம்மா கெஞ்சிக் கேட்டதாலும் பிள்ளை சோர்ந்திருந்ததாலும் படுக்க விட்டதாக ரெங்கம்மா அத்தை சொன்னார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். "நீ பேசுறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல, பாயில இருக்கிறதுக எந்திரிச்சிரும்னு பயப்படாம சத்தமா சொல்லு," என்றார். திரும்பச் சொன்னேன். அவர் விதுஷாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை வந்ததிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்ததாகச் சொன்னார். விதுஷா ஓடிவந்தவள்போல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்தபோது அவள் மூச்சில் கனிந்து போன பழத்தின் வாசம் வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் பயமாக இருந்தது.

லீலாதேவி எங்கே என்று கேட்டேன். அன்றைக்கு மேல் மலையில் கொழுந்து, போய்வர நெடுநேரம் ஆகும் என்று ரெங்கம்மா அத்தை சொன்னார். ஆம்புலன்ஸ் சந்திக்கு வந்துவிட்டதாக ரமேஸ் அண்ணா அனுப்பிய செய்தி நான் மேலே ஏறும்போதே வந்திருந்தது. மடுவத்தில் சிக்னல் இல்லை.

ரெங்கம்மா அத்தை பிள்ளையை உடனே கொடுக்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது இது: "டொக்டரு என்ன சொன்னாரு, அப்படியே சொல்லு."

நான், "புள்ளய உடனே கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு," என்றேன்.

"லீலாவுக்கு?"

"சொல்லி அனுப்புவோம் அத்த. பின்னாடியே வந்துருவாங்க."

தாயோடு சேர்த்து என்று டொக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. மறந்து விடவில்லை. அதைச் சொன்னால் ரெங்கம்மா அத்தை லீலாதேவியை அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டு, அவர் வரும் வரை பிள்ளையைத் தரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படித்தான் செய்வார், அது சரியும்கூட. எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இடத்து முறை என்று தெரிந்திருந்தும் நான் குறைத்துச் சொன்னேன். டொக்டர் சொல்லிவிட்டார் என்று நம்பித்தான் ரெங்கம்மா அத்தை பிள்ளையைத் தூக்கி என் முதுகில் வைத்து, தன் சேலையின் பழைய துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வழியில் கொடுக்க ஒரு போத்தல் தண்ணீரும் தந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு லீலாதேவியிடம் சொல்லச் சொன்னார். அன்று மத்தியானத்துக்குப் பிறகு ஆட்களை வேறு மலைக்கு மாற்றியிருந்ததால் அந்தச் செய்தி லீலாதேவிக்குப் போய்ச் சேரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நான் குறுக்குப் பாதையால் தேயிலைக்குள் இறங்கினேன். எங்களை யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. ஒளிந்து போகவில்லை, அந்த வழி கிட்ட என்பதால் போனேன். பாதை வழுக்கியதால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். விதுஷா தூங்கிவிடக்கூடாது என்று நினைத்து அவளோடு பேசிக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியதில்லை.

"ஊசி போட்ட அக்காதானே நீங்க?" என்று கேட்டாள்.

"நான் போடல. ரமேஸ் அண்ணா போட்டாரு. நான் பஞ்சுதான் வச்சேன்."

"அப்ப பஞ்சக்கா."

"சரி, பஞ்சக்கா."

"பஞ்சக்கா, தண்ணி."

நின்று தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தன்னைத் தூக்கியதில் எனக்குக் கனக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் கனக்கவில்லை. என் தம்பி ஐந்து வயதில் இருந்த கனம்தான் இருந்தாள். இன்னும் கொஞ்சத் தூரம் இறங்கிய பின் என் முதுகு சூடாக நனைந்தது. விதுஷா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, "அக்கா, சொல்லாதீங்க," என்றாள். நான் போத்தல் மூடி சரியாக மூடவில்லை, தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொன்னேன். அவள் கையை நீட்டிப் போத்தல் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் முகத்தை என் கழுத்தில் வைத்துக்கொண்டாள். நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டும் என்று உத்தியோகத்தர் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இந்தப் பகுதியை விதுஷா இருக்கும் இடத்தில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தியில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் இருந்தவர்கள் பிள்ளையின் விரலில் குத்தி சீனி பார்த்தார்கள். அவர்களுடைய கருவியில் இலக்கம் வரவில்லை, அளவுக்கு மேல் என்று காட்டியது. நானும் கூடவே ஏறினேன். விதுஷா என் விரலைப் பிடித்திருந்தாள். பாதி வழியில் பிடி தளர்ந்தது. பெயரைக் கூப்பிட்டபோது கண் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். உடன் இருந்தவர் பேசிக்கொண்டே இருங்கள் என்று சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல் அன்று காலையில் நான் குழாய்களில் ஒட்டிய பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் பெயர் வந்ததும் திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன்.

வைத்தியசாலை வாசலில் டொக்டர் சொல்லி வைத்திருந்ததால் பிள்ளையை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். டொக்டர் வந்து, "தாய் எங்க?" என்று கேட்டார். வருகிறார் என்றேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஒரு மாதமாகப் படுக்கை நனைகிறது என்று லீலாதேவி என் காதில் சொன்னதை அவரிடம் மட்டும் சொன்னேன். அதன் பின்னர் வெளியே வாங்கில் இருந்தேன். ஒரு தாதி என் உடுப்பைப் பார்த்துவிட்டு வைத்தியசாலைச் சட்டை ஒன்று கொடுத்தார்.

மாலையில் லீலாதேவியும், விதுஷாவின் சித்தப்பா புவனேந்திரனும், இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்களும் வந்தார்கள். புவனேந்திரன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க மடுவத்துக்குப் போயிருக்கிறார். இரத்தம் பார்க்கும் லெப்பில் இருந்து ஒரு பிள்ளை வந்து விதுஷாவைத் தூக்கிக்கொண்டு போனதாக ரெங்கம்மா அத்தை சொல்ல, வைத்தியசாலைக்குப் போன் எடுத்துக் கேட்க வழி தெரியாமல், போனில் வரும் பிள்ளை பிடிக்கும் கதைகள் நினைவுக்கு வந்து, அவர் நேராகப் பொலிஸுக்குப் போயிருக்கிறார். அதன் பிறகுதான் லீலாதேவிக்கும் தகவல் போயிருக்கிறது. அவர் என்னைப் பார்த்து, "யாரக் கேட்டு தூக்குன? பஞ்சு வைக்கிற வேலைன்னா பஞ்சோட நிக்கணும்," என்று சத்தம் போட்டார். நான் எழுந்து நின்றேன்.  பிறகு அவர் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாங்கின் மறு முனையில் போய் உட்கார்ந்தார். 

லீலாதேவி கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். உள்ளே விட்டார்கள். திரும்பி வெளியே வந்து என் முன்னால் நின்று, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மலையில இருந்து உருண்டாவது வந்திருப்பேனே," என்றார். அவர் சொன்னது சரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து படங்கின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

டொக்டர் வந்தபோது லீலாதேவி எழுந்து, "ஐயா, நான் தேத்தண்ணியில ரெண்டு கரண்டி சீனி போட்டேன். தினமும் அப்படித்தான் போடுவேன். அதாலயாங்க?" என்று கேட்டார். அதைக் கேட்பதற்காகவே அவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

"இல்லையம்மா. தேத்தண்ணியால வாறதில்லை இது. நீங்கள் குடுத்த எதாலயும் வந்ததில்லை," என்று டொக்டர் சொன்னார். பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இனி ஒவ்வொரு நாளும் ஊசி போட வேண்டும், போட்டால் எல்லாப் பிள்ளைகளையும்போல் ஓடித் திரியலாம் என்று விளக்கினார். லீலாதேவி சுவரில் சாய்ந்து அழுதார். அவர் அழுது முடிக்கும் வரை நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை.

இன்று காலை விதுஷா கண் விழித்துத் தண்ணீர் கேட்டதாகவும், ஒரு கோப்பையோடு போதும் என்று சொன்னதாகவும் லீலாதேவி போனில் என் அம்மாவிடம் சொன்னார்.

கடைசியாக நான் சொல்ல வேண்டியது இது. விசாரணை முடியும் வரை ரெங்கம்மா அத்தை மடுவத்துக்கு வர வேண்டாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைக் கொடுத்தார் என்பது அவர் மேல் உள்ள குற்றம். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். டொக்டர் சொன்னதை அப்படியே சொல் என்று கேட்டார். பாதியை மட்டும் சொன்னவள் நான். முழுவதையும் கேட்டிருந்தால் அவர் பிள்ளையைக் கொடுத்திருக்கமாட்டார். அதனால் அவர் மேல் தவறு இல்லை. அவரை வேலையில் இருந்து எடுக்க வேண்டாம்.

மேலே உள்ளது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. ரெங்கம்மாவிடம் பாதியை மட்டும் சொன்னதாக உள்ள பகுதி எனக்கு எதிராக வரக்கூடும் என்று உத்தியோகத்தர் விளக்கி, அதை மாற்றிச் சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். என் அம்மாவும் என் கையைப் பிடித்து யோசித்துச் சொல் என்றார். நான் யோசித்தேன். மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை. யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை, நான் பார்த்ததும் செய்ததும் இவைதான் என்று அறிந்து, அந்தப் பகுதியின் கீழே தனியாக ஒரு முறையும் இங்கே ஒரு முறையும் கையொப்பம் இடுகிறேன்.

அ. சுபாஜினி